செயலாளரின் ஆண்டறிக்கை: தாழியை விட மண் முக்கியம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, வருகைதான் வழக்கம்போல டீ வரும் நேரத்தில் கூடியது.

இந்த ஆண்டு பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் பேசினோம்: பழைய ஈமக்காட்டில் கிடைக்கும் விதை, கரி, நத்தை சிப்பி ஓடுகளை வைத்து அந்தக் காலத்து நிலம் எப்படி இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தாழி (இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய பானை) என்றாலே நம்மவர்களுக்கு எலும்பும் மணியும்தான் ஞாபகம் வரும். ஆனால் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்தான் கி.மு. 1155 என்ற காலத்தைத் தந்தது. அதற்காக நெல் கிடைத்ததுமே பக்கத்தில் வயல் இருந்தது என்று முடிவு கட்டக் கூடாது, வேறு ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். கூடவே கோரை விதை கிடந்தால், ஈர வயலில் விளைந்த நெல் என்றாவது சொல்லலாம். அப்புறம், தாழிக்குள் இருக்கும் படையல் என்பது மனிதர் தேர்ந்து வைத்தது. நிலத்தின் இயல்பு, புதைத்த இடத்தின் மேல் குவித்த மண்மேட்டுக்கு அடியில் மூடிப்போன பழைய தரையில்தான் இருக்கும். இங்கிலாந்தின் புதைமேடுகளில் அந்த மண்ணைச் சலித்துக் கடுகளவு நத்தை ஓடுகளை எண்ணுகிறார்கள்: நிழல் விரும்பும் வகை குறைந்து வெட்டவெளி வகை கூடினால், காடு போய் புல்வெளி வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடல் ஓடுகளைப் பற்றி நம் மீனவ உறுப்பினர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எது சேற்றில் கிடக்கும் எது பாறையில் ஒட்டும் என்று அவர்களே பாடம் எடுத்தார்கள். அலையாத்திச் சேற்று நத்தை ஒரு மேட்டில் நிறையக் கிடந்து, இன்று சுற்றிலும் சீமைக்கருவேலம் மட்டும்தான் என்றால், கழிமுகம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராமேஸ்வரம் தீவில் இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பழைய பவளப்பாறையும் கடல் ஒருகாலத்தில் உயர்ந்திருந்ததைத்தான் காட்டுகிறது. ஒரு சிக்கல், கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால் ஓட்டின் ரேடியோகார்பன் வயது (அதிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து கணிப்பது) சில நூறு ஆண்டு கூடுதலாக வரும், திருத்தித்தான் படிக்க வேண்டும்.

ஒரு கூட்டத்தில் பழைய அடுப்படி மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துப் பார்த்தோம். முதலில் வெறும் கலங்கல். கிளறக் கிளறக் கரித்துகள் மிதந்து வந்தது, துணியில் வடித்து நிழலில் உலர்த்தினால் (வெயிலில் வைத்தால் விரிசல் விடும்) கருகிய நெல் ஒன்று, மேல்வரி கூட அழியாமல்.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன். தாழியைக் கண்டால் தோண்டாதீர்கள், படம் எடுத்து இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஓர் உறுப்பினர், பெயர் வேண்டாம், நல்லெண்ணத்தில் ஒரு பானையைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார். பானை பளபளத்தது, உள்ளிருந்த மண் சாக்கடையில் போய்விட்டது.

வரும் ஆண்டில், ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய விதைகளையும் ஓடுகளையும் சேர்க்கப் போகிறோம். கரையில் ஒதுங்கிய மட்டி, நத்தை ஓடுகள் போதும், உயிரோடு பிடிக்க வேண்டாம். கிடைத்த இடத்தைச் சீட்டில் எழுதித் தாருங்கள், சீட்டில்லாத ஓடு ஏற்கெனவே ஒரு சாக்கு என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.