கறுப்பு முதலில், வளைவு அப்புறம்

அன்புள்ள நண்பா,

பதில் எழுத ரொம்ப நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

மாஸ்டர் வீட்டம்மாவின் படம் பல்லேடியத்தில், அதாவது பல்லேடியம் உலோக உப்பைத் தாளில் பூசிப் பிரிண்ட் எடுக்கும் முறையில், வந்துவிட்டது! அதே பழைய 35 மி.மீ. நெகட்டிவ்தான். ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, இங்க்ஜெட் பிரிண்டரில் டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் அடித்தேன். பல்லேடியத்துக்கு, சின்ன நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் வெளிச்சம் போதாது. படத்தின் அளவுக்கே நெகட்டிவ் இருந்து, தாளோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். முன்பென்றால் பாசிட்டிவ் ஒன்று எடுத்து, அதிலிருந்து பெரிய ஃபிலிமில் மறுபடி நெகட்டிவ் எடுத்திருப்போம். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் கொஞ்சம் போகும். இப்போது அந்தப் பாடு இல்லை.

மாஸ்டருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "புடவை மடிப்பு தெரிகிறது" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டதும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீயோ பல்லேடியத்தை விட்டுவிட்டு வெள்ளித் தாளுக்கே, அந்தச் சாதாரணக் கறுப்பு வெள்ளை போட்டோ தாளுக்கே, போகிறேன் என்கிறாய். போகாதே! நீ அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்தேன். ரசாயனத்தில் கோளாறு இல்லை. நிழல் சாம்பலாக நிற்கிறது, முகம் வெளுக்காமல் மங்கியிருக்கிறது. நீ கறுப்பைக் கண்டுபிடிக்காமலே வளைவைத் திருத்துகிறாய், அதாவது எந்தச் சாயல் எவ்வளவு அடர்த்தியாக அச்சாக வேண்டும் என்று கணினியில் போடுகிற கோட்டை. இதைத்தான் மாஸ்டர் அந்த நீல வாளி நாளில் உன்னிடம் கத்தினார், ஞாபகம் இருக்கிறதா?

முதலில் மை இல்லாத வெறும் ஷீட்டைப் பூசிய தாள்மேல் வைத்து, புற ஊதா வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டு. கழுவிக் காயவைத்துப் பார். எந்த நேரத்துக்குமேல் கறுப்பு கூடவில்லையோ, அதுதான் உன் நேரம். அதை அப்புறம் தொடாதே. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதே, காய்ந்ததும் கறுப்பு தளரும்.

அடுத்தது மை. இங்கே கண்ணை நம்பக்கூடாது. நமக்கு வெளிர் மஞ்சளாகத் தெரிகிற மை புற ஊதாவை நன்றாகத் தடுக்கலாம். கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிகிற நிறம் அதைத் தாராளமாக விடலாம். பிரிண்டருக்குப் பிரிண்டர், மைக்கு மை இது மாறும். பல நிறக் கட்டங்களை அடித்து, பல்லேடியத்திலேயே பிரிண்ட் எடுத்துப் பார்த்தால்தான் எது வெள்ளையைக் காப்பாற்றுகிறது என்று தெரியும். வெள்ளித் தாளுக்கு நெகட்டிவின் அடர்த்தி வீச்சு, அதாவது மிக அடர்ந்த இடத்துக்கும் மிகத் தெளிந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம், 1.1 அளவில் இருந்தால் போதும். பல்லேடியம் 1.8, 2 என்று கேட்கும். 2 என்றால் விழுகிற வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகிறது. உன் மை அவ்வளவு தடுக்கவில்லை, அதனால் முகத்தைக் காப்பாற்ற நீ நேரத்தைக் குறைக்கிறாய். அப்படியும் முகம் தேறவில்லை, கறுப்பும் செத்துவிட்டது.

வளைவு கடைசியில்தான். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே 0 முதல் 100 வரை சாம்பல் படிகள் உள்ள பட்டையை அடித்து, பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு படியும் எங்கே விழுந்தது என்று அளந்து திருத்து. மென்பொருள் உதவும். ஆனால் முதல் இரண்டும் சரியில்லாமல் போடுகிற எந்த வளைவும் உன்னை இன்னும் குழப்பும். வேறொருவர் வளைவை வாங்கிப் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது அவருடைய மைக்கும், அவருடைய தாளுக்கும், அவர் அறையின் ஈரப்பதத்துக்கும் எழுதியது.

இன்னொன்று. அடித்த ஷீட்டை உடனே தாள்மேல் வைக்காதே. மை முழுக்க உலரட்டும். ஈர மை பூச்சில் ஒட்டினால் நெகட்டிவும் போச்சு, தாளும் போச்சு.

இத்தனை பாடும் அந்தக் கறுப்புக்காகத்தான். வெள்ளித் தாளில் இருக்கிற ஜெலட்டின் பூச்சு இதில் கிடையாது, உலோகம் தாளின் நார்களிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த இதமான பழுப்புச் சாயலை விட்டுவிட்டு நீ திரும்பிப் போவது எனக்குத் தாங்கவில்லை.

வெறும் ஷீட் வைத்து எடுத்த அந்தப் பட்டையை மட்டும் முதலில் எனக்கு அனுப்பு. காய்ந்த பிறகு. எந்த விளக்கு, எவ்வளவு தூரம் என்று பின்னால் பென்சிலில் எழுது. மாஸ்டருக்கும் ஒரு வரி எழுதிப் போடு, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்