செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

1.4.2024 முதல் 31.3.2025 வரையிலான நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமாக இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவேன். இம்முறை நீண்டுவிட்டதற்கு ராஜஸ்தான்தான் காரணம், பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 96 பேராக இருந்த நாம் முடிவில் 104 பேரானோம். செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் ஒரு முறை போதிய எண்ணிக்கை சேராததால் வடை தீர்ந்ததும் கலைந்தது. ஆகஸ்டில் நார்த்தாமலைக்கும் பிப்ரவரியில் கரைவெட்டிக்கும் ஒரு நாள் பயணம் போய்வந்தோம். நார்த்தாமலையில் வெயில், கரைவெட்டியில் பறவைகள், இரண்டுக்கும் குறைவில்லை.

இனி, கூட்டம் தொடங்கும் முன்பே சிலர் எழுந்து கேட்கத் தயாராக இருக்கும், ராஜஸ்தானின் புலிக்காடான ரந்தம்பூர் விஷயம்.

ஜனவரியில் 22 பேர் புறப்பட்டோம். திருச்சியிலிருந்து சென்னை, அங்கிருந்து ரயிலில் சவாய் மாதோபூர். அந்த ரயில் நிலையச் சுவர்களில் புலியும் மானும் வரைந்து வைத்திருக்கிறார்கள். பயணம் முழுவதிலும் 22 பேரும் சேர்ந்து பார்த்த புலிகள் அந்தச் சுவர்ப் புலிகள் மட்டுமே என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

பயண முகவர் ஒருவரிடம் ஏற்பாட்டை ஒப்படைத்திருந்தோம். ஆறு பேர் அமரும் ஜிப்ஸி எனும் திறந்த ஜீப்புகள் நான்கு என்று பேச்சு. விடியற்காலையில் விடுதி வாசலில் வந்து நின்றவை இருபது பேர் அமரும் கேண்டர் ஒன்றும் ஜிப்ஸி ஒன்றும். கேண்டர் என்பது மேற்கூரையைக் கழற்றிய லாரி என்று எண்ணிக்கொண்டால் போதும். அங்கே சஃபாரிக்குப் பத்து மண்டலங்கள். ஏரிகள் இருக்கும் உட்பகுதி முதல் ஐந்தில் அடக்கம். நமக்கு முதல் நாள் கிடைத்ததோ வெளி மண்டலம். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்றரை மணி நேரம் மயில்களையும் நீலான்களையும் பார்த்துத் திரும்பினோம். வால்காக்கை ஒன்று நம் வண்டிக் கம்பியில் வந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. கொடுக்கக் கூடாது என்பது விதி. ஒருவர் கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை.

மறுநாள் மூன்றாம் மண்டலம். ராஜ்பாக் ஏரிக்கரையில் இடிந்து கிடக்கும் பழைய மண்டபத்தருகே பெண்புலி ஒன்று படுத்திருந்ததை ஜிப்ஸியில் போன ஐந்து பேர் பத்து நிமிடம் பார்த்தார்கள். கேண்டரில் இருந்த நாங்கள் பதினேழு பேரும் போய்ச் சேர்ந்தபோது ஈர மண்ணில் காலடித் தடமும் அந்த ஐந்து பேரின் முகங்களும் இருந்தன. தடத்தைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது. முகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை.

இதை வைத்துப் பயணமே தோல்வி என்று நம் குழுவில் பேச்சு எழுந்தது. அதற்குப் பதில் சொல்லவே கோட்டைக்குப் போன நாளை விரித்து எழுதுகிறேன்.

ரந்தம்பூர் கோட்டை புலிக்காட்டுக்கு அருகில் இருக்கிறது என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தேன். அது தவறு. கோட்டை காட்டுக்குள்ளேயே இருக்கிறது. காட்டு வழியே வண்டி போய் நிற்குமிடத்திலிருந்து படியேற வேண்டும். நௌலாக்கா, ஹாத்தி, கணேஷ், அந்தேரி என்று வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, யானை வேகமெடுத்து மோத முடியாதபடி திரும்பித் திரும்பி வருகின்றன. மதில் மேல் மந்திகள். சித்தோர்கர், கும்பல்கர் உள்ளிட்ட ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் இதுவும் ஒன்று.

உச்சியில் இருப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் பிள்ளையார்தான். அங்கே அவருக்கு மூன்று கண். திரிநேத்ர கணேசர் என்று பெயர். தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறிப் பழகிய முழங்கால்களுக்கு இந்தப் படிகள் பொருட்டில்லை. நாங்கள் போனது புதன்கிழமை, அவருக்கு உகந்த நாள். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பாடிக்கொண்டு ஏறினார்கள்.

அந்தப் பிள்ளையாருக்குத் தபால் வருகிறது. வட இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் முதல் கல்யாணப் பத்திரிகையை அவர் பெயருக்கு அஞ்சலில் அனுப்புகிறார்கள். பூசாரி அதை அவர் முன் படித்து வைக்கிறார். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பேத்தியின் பத்திரிகையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தமிழில் அச்சிட்டதை யார் படிப்பார் என்று கேட்டோம். "மலைக்கோட்டையில் படித்தவருக்கு இங்கே மறந்தா போகும்?" என்றார்.

கோயில் பிறந்த கதை இது: அலாவுதீன் கில்ஜியின் படை முற்றுகையிட்டிருந்தபோது தானியம் தீர்ந்து தவித்த கோட்டை அரசர் ஹம்மீர் தேவ் சௌகானின் கனவில் விநாயகர் வந்தாராம், மறுநாள் கிடங்குகள் நிறைந்தனவாம். ஆனாலும் 1301இல் கோட்டை கில்ஜியிடம் விழுந்தது. தன்னிடம் அடைக்கலம் புகுந்த மங்கோலியத் தலைவனைக் காட்டிக்கொடுக்க ஹம்மீர் மறுத்ததும் அந்தப் போருக்கு ஒரு காரணம். 1569இல் அக்பர் பிடித்தார். பின்னாளில் ஜெய்ப்பூர் அரசர்கள் கைக்கு வந்து, சுற்றியிருந்த காடு அவர்களுடைய வேட்டைக்களமானது. 1961இல் எலிசபெத் அரசியோடு வந்த இளவரசர் பிலிப் இங்கே ஒரு புலியைச் சுட்டார். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்த ஒன்பது காடுகளில் இது இடம்பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகளில் சுடும் இடம் காக்கும் இடமாகிவிட்டது.

மதிலோரம் நின்று கீழே பார்த்தோம். பத்ம தலாவ் ஏரி, கரையில் ஜோகி மகால், அதன் பக்கத்தில் பெரிய ஆலமரம். தண்ணீருக்குள் இறங்கி மிளாக்கள் கொடி மேய்ந்துகொண்டிருந்தன; கரையில் முதலை. மச்லி என்று பெயர் பெற்ற பெண்புலி ஆண்டுக்கணக்கில் ஆண்டது இந்த ஏரிகளைத்தான். மச்லி என்றால் மீன். முகத்தில் மீன் போன்ற கோடு இருந்ததாம். முதலையோடு சண்டையிட்டுப் புகழ்பெற்று 2016இல் முதுமையில் இறந்தது.

அந்த ஏரிகள் மனிதர் கட்டியவை. கோட்டைக்காரர்கள் தண்ணீருக்காகத் தேக்கினார்கள். கோடையில் தோக் மரங்கள் இலையுதிர்ந்து காய்ந்து நிற்கும் காட்டில் தண்ணீர் நின்ற இடத்துக்கு மான் வந்தது, மானைத் தேடிப் புலி வந்தது. கரைவெட்டியும் உழவுக்காக உண்டான பாசன ஏரிதானே? அங்கே வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தபோதும் ரந்தம்பூர் மதில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. புலியைப் பார்த்த ஐவர், மன்னிக்கவும், கோட்டையில் பாதி வழியில் நின்று கைப்பேசியில் புலிப்படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பொறாமையில் சொல்வதாக அவர்கள் கருதினால் அதிலும் ஓரளவு உண்மை உண்டு.

நாம் திரும்பி மூன்று மாதத்தில், ஏப்ரல் 2025இல், அதே கோயில் பாதையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் புலி கொன்றது என்ற செய்தி வந்தது. கோயிலுக்குச் செல்லும் வழி சில நாட்கள் மூடப்பட்டது. நாம் நிலக்கடலை கொறித்தபடி நடந்த வழி அது. மே மாதச் செயற்குழுக் கூட்டத்தில் அந்தக் குழந்தைக்காக எழுந்து நின்றோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். முகவரிடமிருந்து ஜிப்ஸிக்கும் கேண்டருக்குமான கட்டண வித்தியாசம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. மூன்று கடிதம் எழுதியாயிற்று. இனி வனத்துறையின் இணையதளத்தில் நாமே முன்பதிவு செய்வதென்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. பயணிகளின் அடையாள அட்டை விவரங்களை முன்கூட்டியே தரவேண்டியிருப்பதால், கடைசி வாரத்தில் "நானும் வருகிறேன்" என்பவர்களைச் சேர்க்க இயலாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்மண்டலங்கள் மூடியிருக்கும் என்பதையும் விடுமுறைக் கணக்குப் போடுவோர் கவனிக்கவும்.

அடுத்த ஆண்டுக்கு மத்தியப் பிரதேசத்தின் பன்னா காடும் கஜுராஹோ கோயில்களும் பரிசீலனையில் உள்ளன. கோயில் பார்க்க இரண்டு முழு நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. வழிமொழிய ஒருவர் தேவை.

கடைசியாக, சங்கத்தின் இரண்டு பைனாகுலர்களில் ஒன்று ரந்தம்பூரிலிருந்து திரும்பியதும் எவரிடமோ தங்கிவிட்டது. கூட்டம் முடிந்து போகும்போது வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். யாரும் பார்க்க மாட்டோம்.

செயலாளர்