ஏரிக்கரை விடுதி நடத்துபவர்களுக்கு: ஏரியைப் பற்றியும் சொல்லுங்கள்

ஏரிக்கரைகளில் விடுதி நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அறைகளில் தங்கிப் போகிறவர்களில் ஒருத்தி எழுதும் மடல் இது. விடுமுறை கிடைத்தால் என் மனம் முதலில் போவது ஏரிப் பக்கம்தான். இனியும் வரத்தான் போகிறேன். அதனால்தான் பட்டதை உள்ளபடி எழுதுகிறேன்.

கட்டிலும் மெத்தையும் எங்கும் கிடைக்கும். உங்களைத் தேடி வருவது ஏரிக்காக. ஆனால் உங்கள் விளம்பரத்தில் கட்டில் எவ்வளவு பெரியது என்று இருக்கிறது, வைஃபை உண்டா என்று இருக்கிறது, ஏரியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இருப்பதில்லை. ஒரு படம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படம் பெரும்பாலும் விடியற்காலையில், ஏரி நிரம்பியிருக்கும் பருவத்தில் எடுத்தது. காற்று அடங்கி, தண்ணீர் அசையாமல், எதிர்க்கரை மரங்கள் தலைகீழாகத் தெரியும். அது பொய்ப் படம் என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு நேரம் தினமும் வரலாம், சிறிது நேரம்தான் இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகிறது, தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகிறது. அந்த வேறுபாட்டினால் பெரிய ஏரிகளில் பகல் நேரத்தில் ஏரியிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும். மதியத்துக்கு மேல் அலை அடிக்கும். சின்னப் படகில் போக நினைப்பவர்களிடம் "காலையிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொன்னால் எவ்வளவு உதவி! சாவகாசமாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மாலையில் படகுத்துறைக்குப் போய் "காற்று அதிகம், இன்று படகு கிடையாது" என்று கேட்டுத் திரும்பும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் தங்க வந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் போய்விட்டது.

நீர்மட்டம் இன்னும் பெரிய விஷயம். நாம் ஏரி என்று சொல்லும் பல நீர்நிலைகள் அணை கட்டித் தேக்கியவை. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் திறந்தால் மட்டம் இறங்கும். கரை சரிவாக இருக்கும் இடத்தில் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். இடையில் வெடித்த சேறும் காய்ந்த வேர்களும்தான். 'ஏரி பார்த்த அறை' என்று கூடுதல் கட்டணம் கொடுத்தவர் ஜன்னலைத் திறந்தால் அதைத்தான் பார்ப்பார். மதகைத் திறப்பது உங்கள் கையில் இல்லை, அது புரிகிறது. ஆனால் எந்த மாதங்களில் மட்டம் இறங்கும் என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நிரம்பிய காலத்துப் படம் ஒன்று, வற்றிய காலத்துப் படம் ஒன்று, இரண்டையும் மாதத்தைக் குறிப்பிட்டுப் போடுங்கள். வற்றிய ஏரியை விரும்பி வருகிறவர்களும் உண்டு. ஒதுங்கிய சேற்றில் இரை தேடும் பறவைகளை அப்போதுதான் பக்கத்தில் பார்க்க முடியும்.

அப்புறம் சத்தம். அமைதியைத் தேடி ஏரிக்கு வருகிறோம், ஆனால் ஏரி சத்தத்தை வெகுதூரம் கடத்தும் என்று பலருக்குத் தெரியாது. சூரியன் மறைந்ததும் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பமான காற்றில் ஒலி வேகமாகப் போவதால், மேல்நோக்கிப் போன சத்தம் வளைந்து திரும்பவும் தண்ணீர்ப் பரப்புக்கே வருகிறது. நடுவில் தடுக்க மரமோ சுவரோ கிடையாது. அதனால் எதிர்க்கரையில் யாரோ சாதாரணமாகப் பேசுவதுகூட இரவில் நம் காதில் விழும். ஒலிபெருக்கி வைத்துப் பாடினால் கேட்கவே வேண்டாம். இதை ஒரு விடுதி தனியாகத் தீர்க்க முடியாது. ஒரே ஏரியைச் சுற்றி இருப்பவர்கள் கூடிப் பேசி, இரவு இன்ன நேரத்துக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி இல்லை என்று முடிவு செய்தால் எல்லோருடைய விருந்தினரும் தூங்குவார்கள்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் ஏரிக்கரையைப் பற்றிப் பேச முடியாது. விருந்தினர் எழுதும் புகார்களில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்களும் "ஏரி என்றால் பூச்சி இருக்கத்தான் செய்யும்" என்று ஒரே பதிலைச் சொல்கிறீர்கள். அது பாதி உண்மைதான். இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஏரியிலிருந்தே வரும் பூச்சிகள். ஏரியின் அடிச்சேற்றில் புழுவாக வாழ்ந்து, வளர்ந்ததும் கூட்டமாக மேலே வந்து பறப்பவை இவை. பார்க்கக் கொசு மாதிரி இருக்கும் ஒரு வகை கடிக்கவே கடிக்காது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் மலாவி ஏரியிலும் இத்தகைய பூச்சிகள் எழும்பும்போது தூரத்திலிருந்து புகைத்தூண் போலத் தெரியும். வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் மேஃபிளை என்ற பூச்சிகள் கோடைத் தொடக்கத்தில் கிளம்பினால், வானிலை ரேடாரிலேயே மேகம் மாதிரி பதிவாகும். அந்த ஏரி மாசுபட்டபோது, 1950களில் அந்தப் பூச்சிகள் அங்கே கிட்டத்தட்ட அழிந்துபோயின. தண்ணீர் தேறிய பிறகு 1990களில் திரும்பி வந்தன. மேஃபிளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருப்பது தொந்தரவுதான், ஆனாலும் ஏரி நலமாக இருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். இதை விளக்கி அறையில் ஒரு சீட்டு வைத்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். வெளி விளக்குகளை மட்டும் மாற்றுங்கள். நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்குக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். எல்லா விளக்கும் விடிய விடிய எரியவும் தேவையில்லை. அணைத்தால் நட்சத்திரமாவது தெரியும்.

இன்னொன்று, கொசு. இதற்கு ஏரியைக் குறை சொல்லாதீர்கள். அலையடிக்கும், மீன் திரியும் திறந்த நீரில் கொசு அதிகம் பெருகாது. கரையோரம் செடிகளுக்கு நடுவே தேங்கிய ஆழமில்லாத தண்ணீரில் பெருகும். அதைவிட நன்றாக, மல்லாந்து கிடக்கும் பழைய படகிலும், அடைத்துக்கொண்ட கூரைக் குழாயிலும், தோட்டத்து வாளியிலும், தொட்டித் தட்டிலும் பெருகும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை ஒருவர் சுற்றி வந்து இவற்றைக் கவிழ்த்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஜன்னல் வலை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். வலை கிழிந்த அறையில் மருந்துச் சுருள் புகையில் குழந்தைகள் தூங்குவதைப் பார்க்க எனக்கு மனது கேட்பதில்லை.

அறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஓரத்தில் ஈரம் அதிகம், துண்டு காயாது, பூசண வாடை வரும். ஆள் இல்லாத நாட்களிலும் ஜன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள், மெத்தையை வெயில் காட்டுங்கள். குளிருக்காக எரிவாயு ஹீட்டரோ விறகு அடுப்போ வைத்திருந்தால், எரிவாயு கெய்சர் இருந்தாலும், கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடலாம். இதில் செலவு பார்க்காதீர்கள்.

இனி தண்ணீர். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு முறை போன ஏரியில் தண்ணீர் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. கரையோரம் திட்டுத் திட்டாகப் படலம். விடுதியில் கேட்டேன். "வெயில் காலத்தில் இப்படித்தான், ஒன்றும் செய்யாது, குளிக்கலாம்" என்றார்கள். குழந்தைகள் அதில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதில் ஆபத்தானது. நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படும் சயனோபாக்டீரியாவில் சில வகைகள் நஞ்சை வெளியிடும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்களும் கால்நடைகளும் செத்திருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக இன்னும் செறிவாகும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் இந்தப் பாசி பெருகியதால், அமெரிக்காவின் டொலீடோ நகரப் பகுதியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணால் பார்த்து நல்ல பாசி, கெட்ட பாசி என்று பிரிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் இறங்காதீர்கள் என்பதுதான் சொல்லத் தகுந்த பதில்.

இந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? கனடாவின் ஆன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்றுக்கு 226 என்று எண். 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் அந்த ஏரியின் குறுகிய இடுப்பில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போன பக்கம் மட்டும் பச்சையாகிப்போனது. மேலிருந்து எடுத்த படத்தில் திரைக்கு இந்தப் பக்கம் தெளிவு, அந்தப் பக்கம் பச்சை. அந்தப் பாஸ்பரஸ் வயல் உரத்திலிருந்தும் ஊர்ச் சாக்கடையிலிருந்தும் வருகிறது என்பது சரிதான். உங்கள் செப்டிக் டேங்கிலிருந்தும் வருகிறது. தண்ணீர் வரைக்கும் வெட்டிச் சமன்செய்து உரம் போட்டு வளர்க்கும் உங்கள் புல்வெளியிலிருந்தும் வருகிறது. பார்வைக்கு மறைக்கிறது என்று நாணலையும் கோரையையும் பிடுங்கிவிடுகிறீர்கள். சரிவில் வழிந்து வரும் மழைநீரின் வேகத்தைத் தணித்து, மண்ணையும் உரத்தையும் பிடித்து வைப்பவை அவைதான். படகுத்துறைக்கு ஒரு வழி மட்டும் விட்டு மற்றதை வளர விடுங்கள். செப்டிக் டேங்கை நிரம்பி வழியும் வரை காத்திராமல் உரிய காலத்தில் சுத்தம் செய்யுங்கள்.

செய்தால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரி, கழிவுநீர் கலந்து கலந்து கலங்கிக் கிடந்தது. 1963 முதல் 1968 வரை படிப்படியாக அந்தக் கழிவுநீரை ஏரிக்குள் விடாமல் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஏரி தெளிந்துவிட்டது. எல்லா ஏரியும் அவ்வளவு சீக்கிரம் மீளாது. அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸ் பல காலம் கசிந்துகொண்டே இருக்கும். அதனாலேயே தாமதிக்கக் கூடாது.

அடுத்தது உயிர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களில் கால்வாசிக்கு அருகில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் மூச்சுக்குத் திணறுகிறவரால் கத்த முடிவதில்லை, சத்தமே இல்லாமல் முடிந்துவிடுகிறது. ஏரித் தண்ணீர் மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் ஆழத்தில் சில்லென்று இருக்கலாம். 15 டிகிரிக்கும் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்புவது கடினம். காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்த குழந்தையை, கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசும் நேரத்தில் அது நடு ஏரிக்குத் தள்ளிவிடும்.

ஆகவே கேட்கிறேன். எங்கே ஆழம் சட்டென்று இறங்குகிறது, எங்கே சேறு, எங்கே முள்கம்பியும் மரக்கட்டையும் மூழ்கிக் கிடக்கிறது என்று ஒரு வரைபடம் வரவேற்பறையில் இருக்கட்டும். குழந்தைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கி வையுங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டி அனுப்புவதைப் பார்க்கிறேன். தண்ணீரில் விழுந்தால் அது தலைக்கு மேலே கழன்று வந்துவிடும். குடித்தவர்களுக்குப் படகு தராதீர்கள், அவர்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சின்ன யோசனை. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு தண்ணீரின் தெளிவை அளந்தார். இன்றும் உலகம் முழுக்க ஏரிகளை அப்படித்தான் அளக்கிறார்கள். ஒரு தட்டு, அளவு குறித்த ஒரு கயிறு, ஒரு வெப்பமானி போதும். தினமும் காலையில் அளந்து, தெளிவு, வெப்பம், நீர்மட்டம், காற்று என நான்கு வரிகளை வாசலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். அதையே உங்கள் புக்கிங் பக்கத்திலும் போடுங்கள். வருகிற குழந்தைகளை அளக்கச் சொன்னால் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள்.

கடைசியாக, பணத்தைப் பற்றி. பாசி படர்ந்தோ மட்டம் இறங்கியோ ஏரியில் இறங்கவே முடியாத நாட்கள் வரும். அப்படி ஆனால், முன்பதிவு செய்தவர்களை அவர்கள் கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். தேதியை மாற்றிக்கொள்ளவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வாய்ப்புக் கொடுங்கள். அந்தத் தகவலைத் தெரிந்துகொண்டும் வர விரும்புகிறவர்கள் வரட்டும். நானும் வருவேன், என்ன பார்க்கப் போகிறேன் என்று தெரிந்துகொண்டு.

அன்புடன்,
உங்கள் விருந்தினர்களில் ஒருத்தி