ஸ்டூல் வந்தது, ஆள் போயாச்சு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

பிரிட்டனில் நீ படித்துக்கொண்டே வேலை பார்க்கும் கடையில், பதினாறு மணி நேரமாக இருந்த உன் வார வேலையை எட்டாக்கிவிட்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அங்கே படிக்க வந்த பிள்ளைகள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்று சட்டமிருந்து என்ன, வேலை கிடைக்க வேண்டாமா? 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது, ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் இன்சூரன்ஸ் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது எல்லாம் நீ சொல்லித்தான் தெரியும். கூலியைக் கூட்டினால் நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். வாங்க வந்தவரே பில் போட்டுக்கொள்ள ஆறு மெஷின், அதற்குக் காவலாக நீ ஒருத்தி!

நான் வேலை பார்க்கும் செங்கோட்டைக் கடையில் மெஷின் வரவில்லை. இங்கே வழியே வேறு. நின்றுபோன ஆளுக்குப் பதில் ஆள் எடுப்பதில்லை. பில் போடும் நானே பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, தட்டிலும் அடுக்குகிறேன். மூன்று கவுண்டரில் இரண்டு கோணி போட்டு மூடிக் கிடக்கிறது. ஐயப்பன் சீசனுக்கு மட்டும் நாள்கூலிக்கு இரண்டு பையன்கள். மாலை கழற்றுகிற அன்றே அவர்களும் போய்விடுவார்கள்.

கேரளத்துப் புனலூர் துணிக்கடைக்கு நான் பஸ்ஸில் போய்வந்தது ஞாபகமிருக்கிறதா? சுவரில் சாய்ந்தாலே சம்பளத்தில் பிடிப்பார்கள். ராத்திரி நீதான் காலுக்கு எண்ணெய் தேய்ப்பாய். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகுதான், 2018-இல் கேரளத்தில் கடை ஊழியர் உட்காரலாம் என்று சட்டம் வந்தது. 2021-இல் தமிழ்நாட்டிலும் வந்தது. எங்கள் முதலாளியும் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் மூன்று பேர் வேலையை ஒருத்தி பார்க்கும்போது எங்கே உட்கார? அதன்மேல் இப்போது முட்டை அட்டை இருக்கிறது.

அப்புறம் ஒன்று. அங்கே பூத்ஸ் என்ற கடைக்காரர்கள் 2023-இல் தங்கள் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றதிலெல்லாம் அந்த மெஷினை எடுத்துவிட்டு ஆளையே நிறுத்தினார்களாம். நம் பக்கத்து வீட்டுப் பையன் போனில் காட்டினான். தலைமையிடமே நீ இருக்கும் பிரெஸ்டன் ஊர்தானாமே! அங்கே ஒரு விண்ணப்பம் போட்டுப் பாரேன்.

வாடகைக்குக் குறைந்தால் மறைக்காமல் சொல்லு, சீட்டு எடுத்து அனுப்புகிறேன். உன் கடையில் உட்கார ஏதாவது வைத்திருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மறக்காமல் சொல்லுட்டி.

அம்மா