எதிர்த் தீவில் ஒரு பிடிவாரண்ட்

கமேனோ தீவு,
வாஷிங்டன் மாநிலம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாங்கள் நலம். குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. மழைதான் விட்டபாடில்லை. பெரியம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்னாள்; சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்லுங்கள்.

போன தடவை பேசியபோது, கோர்ட்டிலேயே வேலை பார்த்தவர் நீங்கள், "உங்கள் ஊர்க் கோர்ட்டை ஒருநாள் பார்த்துவிட்டு எழுது" என்றீர்கள். பார்த்துவிட்டேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. பிடிவாரண்ட் நிலுவையில் இருந்த ஒருவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பதற வேண்டாம். அம்மாவிடம் மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதீர்கள்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. எங்கள் மாவட்டத்துக்கு ஐலண்ட் கவுண்டி என்று பெயர். விட்பி, கமேனோ என்று மக்கள் குடியிருக்கும் பெரிய தீவுகள் இரண்டு. 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகையே 86,857. கோர்ட், சிறை, ஷெரிஃபின் தலைமை அலுவலகம் எல்லாம் விட்பியில் இருக்கின்றன. நாங்கள் இருப்பது கமேனோவில். இரவில் எங்கள் கரையில் நின்றால் எதிர்க்கரை விளக்குகள் தெரியும். ஆனால் நடுவில் பாலமும் கிடையாது, ஃபெர்ரியும் கிடையாது. சொந்த மாவட்டத்துக் கோர்ட்டுக்குப் போக மாவட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். கிழக்கே ஸ்டான்வுட் பாலம் ஏறி, நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஸ்காஜிட் கவுண்டியைக் குறுக்கே கடந்து, டிசெப்ஷன் பாஸ் பாலத்தின் வழியாக மறுபடி நம் மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். காரிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதை வகுத்தவர் எந்தத் தீவில் குடியிருந்தாரோ தெரியாது, கமேனோவில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான் பிசியோதெரபி செய்யும் முதியோர் இல்லத்தின் சமையற்காரர் பிலிப்பைன்ஸ்காரர். வயது ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர்கள் வழக்கப்படி நாங்களும் அவரைக் குயா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அடுக்களையில் போனைக் கையில் பிடித்தபடி வெலவெலத்து நின்றார். ஷெரிஃப் ஆபீசிலிருந்து யாரோ பேசினார்களாம். ஜூரி வேலைக்கு வராததால் அவர் பெயரில் வாரண்ட் பிறந்திருக்கிறதாம். மாலைக்குள் கடையில் கிஃப்ட் கார்டு வாங்கி, அதன் பின்பக்கத்து எண்ணைப் போனில் சொன்னால் ரத்தாகிவிடுமாம்.

குயா கிரீன் கார்டு வைத்திருப்பவர். இந்த நாட்டில் ஜூரியாக உட்காரக் குடியுரிமை வேண்டும். அதனால் அது மோசடி அழைப்பு என்று அடித்துச் சொல்லிவிட்டேன். எந்தக் கோர்ட்டும் எந்த ஷெரிஃபும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்க மாட்டார்கள். அப்படியும் மனிதரின் முகம் தெளியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா?" என்று கேட்டார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எப்போதோ இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு வண்டியில் இடித்திருக்கிறார். அந்த நஷ்டஈட்டுக் கணக்கு தீராததால் ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்பட்டிருக்கிறது. அது தெரிந்தும் வேலைக்கு வண்டி ஓட்டி வந்தபோது போலீஸ் நிறுத்திக் கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறது. அதற்குள் வீடு மாறிவிட்டார். வாய்தா தேதிக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது.

இங்கே வெறும் வேகமாக ஓட்டியதற்கு அபராதச் சீட்டு வந்து அதைக் கட்டாமல் விட்டால், அபராதம் ஏறும், வசூல் கம்பெனி துரத்தும், ஆனால் வாரண்ட் வராது; அது சிவில் விதிமீறல். உரிமம் இடைநிறுத்தப்பட்டிருக்கும்போது ஓட்டுவது அப்படியல்ல. மூன்று படிகளில் மிக லேசான படியே குற்ற வழக்குதான்: 90 நாள் சிறை வரை, 1,000 டாலர் அபராதம் வரை போகலாம். குற்ற வழக்கில் ஆஜராகாவிட்டால் நீதிபதி பிடிவாரண்ட் போடலாம். கோர்ட்டே அதை ரத்து செய்தால்தான் நிம்மதி. காலம் போனால் தானாகச் செத்துப்போகும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. மாநில நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் எந்தக் கோர்ட்டில் என்ன வழக்கு என்று இலவசமாகவே தெரிந்துவிடும். "வாரண்ட் தேடித் தருகிறோம், 30 டாலர் கட்டுங்கள்" என்று தனியார் கடைகள் நிறைய உண்டு. அவர்கள் காட்டுவது பழைய சரக்கு. குயாவின் பெயரில் விட்பியின் ஓக் ஹார்பரில் உள்ள டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் வழக்கு இருந்தது. பெயரைப் பார்த்து மாவட்ட நீதிமன்றம் என்று நினைத்துவிடாதீர்கள், இது உங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குச் சமம். கொலை, கொள்ளை எல்லாம் கூப்வில்லில் உள்ள சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகும்.

வாரண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைக் கோர்ட் கிளார்க்கிடம் கேட்டால்தான் உறுதி. குயா பேசப் பயந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைத்தேன். பெயர், பிறந்த தேதி, அவ்வளவுதான் கேட்டார் அந்த அம்மாள். "ஆமாம், இருக்கிறது. ஜாமீன் தொகையைக் கட்டிவிட்டுப் புதுத் தேதி வாங்கலாம். இல்லையென்றால் ரத்து செய்யும்படி மனுக் கொடுங்கள், நீதிபதி முன் தேதி தருகிறேன்" என்றார். உருட்டலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பெரியப்பா, ஏதாவது ஒரு கிராமத்து ஆள் ஜன்னல் ஓரம் வந்து நின்று "என் பேர்ல வாரண்டுங்களா?" என்று கேட்டபோதெல்லாம் நீங்கள் பேசிய அதே குரல். அரைப் பயத்தை அந்தக் குரலே போக்கிவிட்டது.

ஏழைகளுக்கு அரசு செலவில் அமர்த்தும் வழக்கறிஞரிடமும் பேசினோம். அவர் கேட்ட முதல் கேள்வி வழக்கைப் பற்றியே இல்லை, "உங்கள் குடியேற்ற நிலை என்ன?" என்பதுதான். 2010இல் பாடில்லா என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை. இந்த வழக்கில் அந்தப் பயம் பெரிதாக இல்லை என்றார். இன்னொன்றும் சொன்னார்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் போலீஸ் கண்ணில் பட்டுவிடாதீர்கள். வாரண்டில் பிடித்தால் அடுத்த கோர்ட் வேலை நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். சனி, ஞாயிறு வேலை நாள் இல்லை. உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

சட்டத்திலும் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஜாமீனில் போனவர் வராமல் இருந்தால் அதற்கே இன்னொரு வழக்குப் போட்டுவிடுவார்களாம். 2020இல் அதைத் திருத்தினார்கள். முதல் தடவையாக இருந்து, வாரண்ட் பிறந்த 30 நாளுக்குள் ரத்து கோரி மனுக் கொடுத்து, அந்த மனு விசாரணைக்கு நேரில் வந்துவிட்டால், இதுபோன்ற சாதாரண வாய்தாவுக்கு வராமல் போனதைத் தனிக் குற்றமாக்க முடியாது. நம் ஊரில் கட்சிக்காரர் வர முடியாத நாளுக்கு விலக்குக் கேட்கும் மனுவை முன்கூட்டியே போட மறந்த வக்கீல் குமாஸ்தாக்கள் இதைக் கேட்டால் ஏங்குவார்கள்.

போவது எப்படி என்பதுதான் பெரிய சிக்கல். குயா வண்டி ஓட்டினால் அது இன்னொரு குற்றம். வழியில் நிறுத்தினால் வாரண்டும் கணினியில் வந்துவிடும். தீவு பஸ்ஸில் கட்டணமே கிடையாது, உண்மையிலேயே இலவசம். ஆனால் மவுண்ட் வெர்னன் வழியாக மாறி மாறிப் போய்க் காலை விசாரணைக்கு நேரத்தில் சேர்வது நடக்காத காரியம். அதனால்தான் நான் ஓட்டினேன்.

டிசெப்ஷன் பாஸ் பாலம் 1935இல் திறந்தது. நீரிலிருந்து ஏறக்குறைய 180 அடி உயரம்; கீழே கடல் சுழித்துக்கொண்டு ஓடும். பாலம் வருவதற்கு முன், 1910 வாக்கில், அந்தப் பாறைச் சரிவில் வாலா வாலா சிறைக் கைதிகளைக் கொண்டுவந்து கல் உடைக்க வைத்திருக்கிறார்கள். தெரியாத்தனமாக இதைக் குயாவிடம் சொல்லிவிட்டேன். "இப்போதும் அந்தக் குவாரி நடக்கிறதா?" என்று கேட்டார். அன்று முழுக்க அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். ஜோக்கா என்பதும் சந்தேகம்.

கோர்ட் ஹால் சின்னது. டவாலி கிடையாது, கறுப்பு கோட்டுக் கூட்டம் கிடையாது. வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். குயா கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. எங்களுக்கு முன்னால் அழைக்கப்பட்டவர் ஹாலில் இல்லை. கூப்வில் சிறையிலிருந்து வீடியோ திரையில் தோன்றினார். அவருக்கும் வாரண்ட்தான், அவருக்கும் சின்ன வழக்குதான். வார இறுதியில் எங்கேயோ பின்விளக்கு எரியாமல் ஓட்டி மாட்டிக்கொண்டவர். இரண்டு இரவு உள்ளே இருந்துவிட்டு, வேலை போய்விடுமோ என்று நீதிபதியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். குயா அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குயாவின் முறை வந்து போக ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வழக்கறிஞர் முகவரி மாறிய கதையைச் சொன்னார். நீதிபதி குயாவைப் பார்த்து, "இன்று நீங்களாகவே வந்தீர்களா?" என்று கேட்டார். "ஆமாம், மேடம்" என்றார் குயா. வாரண்ட் ரத்து. புதுத் தேதி. புது முகவரியை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். வாரண்டுக்கான செலவு என்று 100 டாலர் வரை விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் வருமானத்தைப் பார்த்து அதையும் விட்டுவிட்டார்கள். அடுத்த வாய்தாவுக்கு வீடியோவில் ஆஜராகலாம் என்றும் அனுமதி. தண்ணீரைச் சுற்றி அலைய வேண்டாம் என்ற அந்த ஒரு வரிக்குத்தான் நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் ரத்து உத்தரவின் நகலை வாங்கி, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும்படி வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தார். போலீஸ் கணினியில் பெயர் நீங்கச் சமயத்தில் தாமதமாகுமாம். இனி அந்த நஷ்டஈட்டுக்குத் தவணை பேசி உரிமத்தை மீட்க வேண்டும். மீட்டுவிட்டால் குற்ற வழக்கை வெறும் விதிமீறலாகக் குறைத்துக்கொள்ள அரசுத் தரப்பு பெரும்பாலும் சம்மதிக்கும் என்றார். அதுவரை குயாவை வேலைக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. தினமும் காரில் ஏறியதும் ஒரு டப்பா நீட்டுகிறார். அரிசி மாவில் தேங்காய்ப்பால் விட்டு ஆவியில் வேகவைத்த பலகாரம், நம் இட்லிக்குச் சித்தப்பா பிள்ளை. மறுத்தால் முகம் வாடிவிடுகிறது. எனக்கு எடை கூடுகிறது.

உங்களிடம் ஒரு சந்தேகம். சின்ன மாமாவின் அந்தப் பழைய செக் வழக்கில் வாரண்ட் ரீகால், அதாவது ரத்து, ஆகிவிட்டது என்று வக்கீல் வாயால் சொன்னதோடு சரியா, உத்தரவின் நகல் கையில் இருக்கிறதா? மாமா அடுத்த ஆண்டு எங்களைப் பார்க்க வர விசாவுக்கு மனுப் போடப் போகிறேன் என்கிறார். கைதானது உண்டா, தண்டனை உண்டா என்று அந்தப் படிவத்தில் கேட்பார்கள். உங்கள் காலத்து ஆள் யாராவது கோர்ட்டில் நகல் கொடுக்கும் காப்பியிங் செக்‌ஷனில் இன்னும் இருந்தால், சான்றிட்ட நகலுக்கு இப்போதே மனுப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். செலவை நான் அனுப்பிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

தங்கள் அன்பு மகள்