கெட்அவேயைக் கொடுத்துவிடலாமா, மாப்ள?

தாண்டிக்குடி

மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். மிளகு விலை, யானைக் கதை எல்லாம் அப்புறம் எழுதுகிறேன், இப்போது அதிலெல்லாம் மனசு போகவில்லை. போனில் சொன்னால் முதல் வரியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவாய், நான் சொல்ல வந்த மிச்சம் உன் காதில் ஏறாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

நம் மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே பிக்கப்பைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

வண்டி பதிவாகி 15 வருடம் முடியப் போகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஆய்வாளர் முன்னால் வண்டியை நிறுத்தி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டும். ஆர்.சி.யில் எழுதியிருக்கிற வண்டிக்கும் நம் வாசலில் நிற்கிற வண்டிக்கும் இப்போது என்ன ஒற்றுமை இருக்கிறது, நீயே சொல். கம்பெனி கொடுத்த 245 டயர் போய் 33 இன்ச் உயரத்தில் சேற்றுக்கான மட் டயர் வந்துவிட்டது. முன்னால் ஸ்பிரிங் வேலை செய்கிற டார்ஷன் பார் கம்பியை முறுக்கித் தூக்கியிருக்கிறோம், பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறோம். முன் பம்பரும் பின் பம்பரும் நீ வெட்டி ஒட்டிய இரும்பு. கயிறு கட்டி இழுக்கிற வின்ச் இருக்கிறது, ஆழத் தண்ணீரில் எஞ்சினுக்கு மேலிருந்து காற்று எடுக்க உன் ஆசைக்கு மாட்டிய அந்த ஸ்நார்க்கல் குழாயும் இருக்கிறது. (அந்த ஸ்நார்க்கலுக்கு ஏற்ற ஆழத்தில் தண்ணீர் இந்த மலையில் எங்கே ஓடுகிறது என்று இன்னும் நீ காட்டவில்லை.)

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கம்பெனி சொன்ன அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே ஒரு கேரள வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். இரும்பு பம்பர் கூடாது என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியாகிவிட்டது. அப்போதெல்லாம் இதை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கே.சி.பட்டிப் பக்கம் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று இருந்தோம். இப்போது நானே ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிறுத்த வேண்டும்.

ஆனால் இது மட்டும் என்றால் கழற்ற வேண்டியதைக் கழற்றிவிட்டு எஃப்.சி. வாங்கிவிடுவேன், உனக்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். விஷயம் அம்மா.

முட்டி தேய்ந்துபோய் அம்மாவுக்கு இப்போது படி ஏறுவதே சிரமம். சோதனைக்கு அடிக்கடி திண்டுக்கல் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. காப்பிப் பழம் அள்ளுகிற கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு காலை வைத்து, கதவுப் பக்கக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உன் தங்கச்சி பின்னாலிருந்து தாங்க, நான் உள்ளேயிருந்து இழுக்க, அப்படித்தான் ஏறுகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி 'போகலாம்ப்பா' என்பார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. அந்த நேரத்தில் அந்த வண்டியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை மாப்ள, பொய் சொல்லவில்லை.

அப்புறம் போன மழைக்காலத்தில் நடந்தது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் ராத்திரி தூங்க மாட்டாய். தடியன்குடிசையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தோம், சாரல், தார் ரோடு எண்ணெய் தடவிய மாதிரி கிடந்தது. வளைவில் பஸ் மேலே ஏறி வந்தது. பிரேக்கை மிதித்தேன். நான்கு சக்கரமும் சுழலாமல் கட்டிக்கொண்டு வண்டி அப்படியே நேராக வழுக்கியது, ஸ்டியரிங்கைத் திருப்பியும் கேட்கவில்லை. பிரேக்கை விட்டு, கியரைக் குறைத்து, திரும்ப மிதித்துத்தான் நின்றது. பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் இருந்திருக்கும். பஸ் டிரைவர் கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா டேஷ்போர்டில் கையை ஊன்றியபடியே வத்தலக்குண்டு வரைக்கும் வந்தார்கள்.

அதிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மட் டயரின் கட்டைகள் பெரிசு, கட்டைக்குக் கட்டை இடைவெளி அதிகம். சேற்றில் அதுதான் பிடிக்கிறது, ஆனால் நனைந்த தாரில் தரையைத் தொடுகிற ரப்பர் குறைந்துபோகிறது. 33 இன்ச் சக்கரத்தின் எடையையும் சுழற்சியையும் அதே பழைய டிஸ்க்கும் டிரம்மும்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. டயர் பெரிசானதால் ஒரு சுற்றுக்கு வண்டி ஓடுகிற தூரம் கூடி, கியர் எல்லாமே எட்டு சதவீதம் நீண்டுவிட்ட கணக்கு. இறக்கத்தில் இரண்டாவது கியர் முன்பு பிடித்த மாதிரி இப்போது பிடிக்காது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் நாம் உண்மையில் 64, 65-ல் போகிறோம். வண்டி உயர்ந்ததால் வளைவில் சாய்வு வேறு. பிரேக் மிதித்தால் சக்கரம் கட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ்ஸும் நம் வண்டியில் கிடையாது. இதில் எது ஒன்றும் உனக்குப் புதுசில்லை, நீதான் எனக்கே சொல்லிக் கொடுத்தவன். ஆனால் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இறங்கும்போது இதெல்லாம் வேறு மாதிரி புரிகிறது.

அந்த வண்டி நமக்கு என்ன செய்தது என்பதையும் மறக்கவில்லை. 2018-ல் கஜா அடித்துவிட்டுப் போனதும் பெரும்பாறைக்கு இந்தப் பக்கம் மரம் மரமாகக் கிடந்ததே, நீயும் நானும் மெக்கானிக் பாயும் வின்ச் போட்டு ஒவ்வொன்றாக இழுத்து ஓரமாகப் போட்டோமே. பால் வண்டி முதலில் போனது நாம் திறந்த வழியில்தான். பன்றிமலை ராத்திரி இன்னொன்று. அதைப் பற்றி எழுத மாட்டேன், தங்கச்சி இதைப் படிப்பாள்.

ஆனால் யோசித்துப் பார், மாப்ள. அன்றைக்கு வேலை செய்தது வின்ச். மற்ற நாட்களில் தோட்டத்துக் கீழ்க்காட்டிலிருந்து காப்பி மூட்டையையும் வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு மேலே வர உதவியது 4-லோ, நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற அந்த லோ கியர். அது கம்பெனி கொடுத்தது. டயரையும் உயரத்தையும் நாம் சேர்க்கும் முன்பே அந்த மேட்டை இதே வண்டி ஏறியிருக்கிறது, நீ டெயில்கேட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தாய். அப்போது கரடுமுரடாகக் கிடந்த பாதையில் பாதிக்கு மேல் இப்போது தார், சிமெண்ட். மிச்சமிருக்கிற அந்தக் கடைசி மேட்டுக்கு நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் போதும், லோ கியர் இருந்தால் போதும்.

இதைச் சொன்னால் பாய் சண்டைக்கு வருகிறார். நீயும் வருவாய்.

சரி, மாற்று என்ன. போலேரோ பிக்கப் வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாரத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, பட்டிவீரன்பட்டி காப்பிக் கடை வாசலில் வரிசையாக நிற்பதெல்லாம் அதுதான். ஆனால் ஒற்றை கேபின், மஞ்சள் போர்டு, முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அப்புறம் வருடா வருடம். அம்மாவை அதில் திண்டுக்கல் கூட்டிப்போக எனக்கு மனசில்லை. போலேரோ கேம்பர் 4 வீல் டிரைவ் பார்த்தேன், காலியாகப் போனால் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது, முட்டிவலிக்காரருக்கு ஆகாது. டொயோட்டா ஹைலக்ஸ் என்று நீ ஆரம்பிக்காதே. 30 லட்சத்துக்குப் பக்கம் போட்டு வண்டி வாங்கி அதில் வாழைத்தார் ஏற்ற என்னால் முடியாது.

திண்டுக்கல்லில் ஒரு பழைய கார் கடையில் 2018 வி-கிராஸ் பிக்கப் ஒன்று நிற்கிறது. இசுசு, 2.5 லிட்டர் டீசல், 134 பிஎச்பி, 320 நியூட்டன் மீட்டர், மேனுவல், 4x4. வெள்ளை போர்டு. ஒரே ஓனர், ஊருக்குள்ளேயே ஓட்டியிருக்கிறார். அடியில் படுத்துப் பார்த்தேன். சேசிஸில் எங்கேயும் துரு பிடித்து உரியவில்லை, பட்டையில் விரிசல் இல்லை, நான்கு சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் கசிவில்லை. ஏபிஎஸ் இருக்கிறது, முன்னால் இரண்டு ஏர்பேக் இருக்கிறது. கதவுக்குக் கீழே அகலமான படி இருக்கிறது. அம்மா அந்தப் படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால் என்று தானே ஏறிவிட்டார்கள். யாரும் தொடவில்லை. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

கடைக்காரரை நச்சரித்து சித்தரேவு வரை கொண்டுவந்து, தெரிந்தவர் தோப்பில் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். கிளட்சை மிதித்துக் குமிழை 4-லோவுக்குத் திருப்பினால் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டுகிறது, அப்புறம் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதல் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டேன். சரளைக்கல் மேட்டில் ஆள் நடக்கிற வேகத்தில் தானாகவே ஏறியது. இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்கவே இல்லை.

குறையும் இருக்கிறது. நம் வண்டியைவிட நீளம், 5.3 மீட்டருக்குப் பக்கம் வருகிறது. நம் கேட்டுத் திருப்பத்தில் ஒரே மூச்சில் திரும்பாது, ரிவர்ஸ் எடுத்துத்தான் நுழைய வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் வத்தலக்குண்டில் கிடைக்காது, மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோதான் ஆள் அனுப்ப வேண்டும். பாய்க்கு இந்த எஞ்சின் பழக்கமில்லை. இதெல்லாம் சின்ன விஷயமில்லை, மலையில் வண்டி நின்றுபோனால் என்ன பாடு என்று உனக்கே தெரியும்.

இரண்டு நாள் முன்னால்கூடப் பழைய வண்டியையே பழையபடி ஆக்கி வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எஃப்.சி. கிடைத்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். அது நடக்கிற காரியம்தான். ஆனால் ஏபிஎஸ்ஸை எங்கிருந்து கொண்டுவருவது? நனைந்த ரோட்டில் சக்கரம் கட்டாமல், திருப்பினால் திரும்புகிற வண்டி எனக்கு வேண்டும். பின் டோருக்கும் தொட்டிக்கும் இப்போதே பார்ட்ஸ் தேடி அலைய வேண்டியிருக்கிறது, கம்பெனி கெட்அவேயை நிறுத்தியே வருடங்கள் ஆகிவிட்டன.

கடைக்காரர் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்கிற விலை வயிற்றெரிச்சல். நாம் போட்டதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் கிடையாதாம், பம்பரைக் கழற்றுகிற செலவை வேறு கழித்துக்கொள்கிறார். இன்னொரு பக்கம் கோயம்புத்தூரில் ஒரு பையன் இருக்கிறான், ஆஃப்ரோடு பைத்தியம், அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று நல்ல விலை சொல்கிறான். வந்து பார்த்துவிட்டு டயரைத் தடவிக்கொண்டே நின்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு அப்படியே கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. ஆர்.சி. சிக்கல் அவன் தலையில் விழும். அதைவிட, மலை ரோட்டில் மழையில் அந்த வண்டி என்ன செய்யும் என்று பார்த்தவன் நான். இருபது வயசுப் பையனிடம் அதைச் சொன்னேன், சிரிக்கிறான். அதனால் பழையபடி ஆக்கி, எஃப்.சி. வாங்கித்தான் கொடுப்பேன். டயரும் வின்ச்சும் வேண்டுமென்றால் அவனுக்குத் தனியாக விற்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓட்டாதே என்று சொல்லித்தான் விற்பேன். வண்டியை அவன் வாங்காவிட்டால் கடைக்காரருக்கே போகட்டும்.

பழைய ரிம், பழைய பம்பர் எல்லாம் காப்பிக் குடோனில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. டார்ஷன் பார் போல்ட்டில் நீ மஞ்சள் பெயிண்ட்டால் போட்ட கோடு இன்னும் அழியவில்லை, அந்தக் கோட்டுக்குத் திருப்பினால் உயரம் பழைய இடத்துக்கு வந்துவிடும். முறுக்கியதிலிருந்து ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிந்துகொண்டே இருந்தது, அந்தத் தொல்லையும் தீரும்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. அந்த வண்டியில் பாதி உன் கை. உன் மாமா பட்டறையில் ராத்திரி ராத்திரியாக நீ வெல்டிங் அடித்த பம்பர் அது, தீப்பொறி பட்டு உன் முழங்கையில் இருக்கிற தழும்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காசு என்னுடையதாக இருந்தாலும் உன் சம்மதம் இல்லாமல் அதைக் கழற்ற எனக்குக் கை வராது. 'கொடு' என்று உன் வாயால் சொன்னால் நிம்மதியாக இருக்கும். 'கொடுக்காதே' என்றால் காரணம் சொல், கேட்கிறேன். அம்மா விஷயத்துக்கு என்ன செய்வாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வி-கிராஸை இந்த மாசக் கடைசி வரை நிறுத்திவைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதற்குள் ஒரு சனிக்கிழமை ஓசூரிலிருந்து கிளம்பி வா. திண்டுக்கல்லில் இறங்கு, நீயும் ஒருமுறை ஓட்டிப் பார், எஞ்சின் சத்தம் உன் காதுக்கு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்புறம் வத்தலக்குண்டில் அந்தப் பரோட்டாக் கணக்கைத் தீர்த்துவிட்டு மேலே வருவோம். வரும்போது உன் இம்பாக்ட் கன்னை எடுத்துவா, பின் பம்பர் போல்ட் எல்லாம் இறுகிக் கிடக்கிறது, பாயின் ஸ்பானருக்கு மசியவில்லை.

உன்,
மாப்ள