விற்பனையை வைத்தா ராக் குழுவை அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலைசிறந்த ராக் குழு எது என்றாலே விற்பனைக் கணக்குதான் பேசப்படுகிறது. ஒலியையே மாற்றியவர்கள் யார் என்று பார்த்தால், என் ஓட்டு பிளாக் சப்பாத்துக்கு. ஆலை விபத்தில் வலக்கை விரல்நுனிகள் இரண்டை இழந்த அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி (இடக்கைக்காரர்; தந்தியை அழுத்தும் கை அதுதான்) விரல்களில் உறை மாட்டி, மெல்லிய தந்தி கட்டினார். 1971 ஆல்பத்தில் சுருதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தால் அழுத்துவது எளிது, நாதமும் கனக்கும்.

அடுத்தது லெட் செப்பெலின். அதே ஆண்டு வந்த நான்காம் ஆல்பத்துக்காக, பழைய மாளிகையின் கீழ்க்கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியிலிருந்து இரண்டே மைக் தொங்கவிட்டார்கள். செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தில் கைதட்டிப் பார்த்தவருக்கு அந்த முழக்கம் தெரியும்.

பீட்டில்ஸை விட்டுவிட்டதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1967இல் நான்கே ஒலித்தடங்கள் கொண்ட டேப்பில் அவ்வளவு ஒலிகளை அடுக்கியவர்களை மூன்றாமிடத்தில் வைப்பதே எனக்கு உறுத்துகிறது.

- ஒரு வாசகர், காரைக்குடி